காலையில் அடிக்கும் முதல் பத்து பீஸ்

கேள்வி: எனக்கு 43 வயதுங்க. அவிநாசி பக்கம் ஒரு கிராமம். எட்டு வருடமாகத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் டெய்லருக்கு உதவியாகக் கைமடி வேலை. டெய்லர் ஆகிவிட்டால் கூலி கூடும், பையன் படிப்புக்கு ஆகும் என்று மூன்று வாரமாக ஷிப்ட் முடிந்ததும் ஓவர்லாக் பழகுகிறேன். சொல்லிக்கொடுக்கும் அக்கா பக்கத்தில் நின்று "இழுக்காதே, விடு, இப்பத் திருப்பு" என்று சொல்லும்போது நன்றாக வருகிறது. சாயங்காலம் நேராக அடித்துவிட்டுப் போகிறேன், மறுநாள் தனியாக உட்கார்ந்தால் கோணல்மாணலாகப் போகிறது. கூடப் பழகும் சின்னப் பெண்கள் என்னைத் தாண்டிவிட்டார்கள். எனக்கு ஞாபக மறதி வேறு. இந்த வயதில் கை படியாது என்கிறார்கள். விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள், அம்மணி. மூன்று வாரத்தில் ஓவர்லாக்கில் நேராக ஒரு பீஸ் அடிக்கிற கை படியாத கை இல்லை. நிமிடத்துக்கு ஐயாயிரம் தையலுக்கு மேல் ஓடக்கூடிய மெஷின் அது. ஓரத்தை வெட்டிக்கொண்டே தைப்பதால், தவறினால் பிரித்துத் திரும்ப அடிக்கவும் துணி மிஞ்சாது. அதில் உட்கார்ந்த யாருக்கும் முதல் மாதம் தோள் இறுகத்தான் செய்யும்.

உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. அக்கா நிற்கும்போது வருகிறது, போனால் போய்விடுகிறது. கை ஒன்றைச் செய்யும்போது, இப்படித்தான் இருக்கும் என்று மூளை முன்கூட்டியே ஒரு கணக்குப் போடுகிறது. கண்ணும் விரலும் கொண்டுவரும் சேதி அந்தக் கணக்கோடு ஒத்துப்போகாத இடத்தில்தான் அது கற்றுக்கொள்கிறது. இதில் சிறுமூளைக்குப் பெரிய பங்கு உண்டு. தப்பு வரும் முன்பே அக்கா "விடு" என்று சொல்லிவிட்டால், கணக்குப் போடுவது அக்காவின் கண். உங்கள் கை சொன்னதைச் செய்கிறது, அவ்வளவுதான். வின்ஸ்டைன், ஷ்மிட் என்ற இரு ஆய்வாளர்கள் 1990இல் இதைச் சோதித்துக் காட்டினார்கள். ஒவ்வொரு முறையும் முடிவைச் சொல்லிப் பழக்கியவர்களைவிட, பாதி முறை மட்டும் சொல்லிப் பழக்கியவர்களே மறுநாள் யாரும் சொல்லாமல் செய்தபோது நன்றாகச் செய்தார்கள்.

அதனால் அக்காவிடம் ஒன்று கேளுங்கள்: "அஞ்சு பீஸ் அடிக்கிறேன்க்கா, அப்புறம் பார்த்துச் சொல்லுங்க." அவர் வாயைத் திறக்கும் முன்பு, எந்த பீஸில் எந்த இடத்தில் துணி இழுத்தது என்று நீங்களே விரல் வைத்துக் காட்டுங்கள். முதல் இரண்டு நாள் வேஸ்ட் கூடத்தான் செய்யும், கட்டிங்கில் விழும் துண்டுத் துணியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது, ஒரே வேலையை அம்பது அம்பதாக அடிக்கிறீர்களோ என்று சந்தேகப்படுகிறேன். பெரும்பாலும் அப்படித்தான் பழக்குகிறார்கள். முதல் வாரத்துக்கு அது சரி, ஆனால் நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள். 1979இல் ஷே, மோர்கன் இருவரும் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடிக்கும். கையில் டென்னிஸ் பந்தைப் பிடித்துக்கொண்டு சின்னச் சின்ன மரத்தடுப்புகளைச் சொன்ன வரிசையில் தட்டிவிட வேண்டும். மூன்று வரிசைகள். ஒன்றை முடித்துவிட்டு அடுத்தது என்று பழகியவர்கள் அன்றைக்கு வேகமாகச் செய்தார்கள். மூன்றையும் கலந்து பழகியவர்கள் திணறினார்கள். பத்து நாள் கழித்துச் செய்யச் சொன்னபோது, கலந்து பழகியவர்கள் முந்தினார்கள்.

நீங்களும் தோள் ஜாயின்ட் மூன்று, கை ஏற்றுவது மூன்று, சைடு மூன்று என்று மாற்றி மாற்றி அடியுங்கள். அன்றைக்குப் பார்க்க நன்றாக இருக்காது. அந்தப் பெண்கள் அம்பதும் நேராக அடித்துக்கொண்டிருப்பார்கள், நீங்கள் அதைப் பார்க்க வேண்டாம்.

ஞாபக மறதியைப் பற்றி. ஹென்றி மொலைசன் என்று ஒரு அமெரிக்கர். வலிப்புக்காக 1953இல் மூளையில் செய்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு, புதிதாக நடக்கும் எதுவும் அவருக்கு நினைவில் நிற்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற ஆய்வாளர், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து ஒரு நட்சத்திரத்தை வரையச் சொன்னார். மூன்று நாளில் தப்பு குறைந்துகொண்டே வந்தது. முந்தைய நாள் வரைந்ததே அவருக்கு நினைவில்லை! பேரும் ஊரும் மறப்பது வேறு, கை மறப்பது வேறு. சென்னிமலையில் என் பெரியம்மா தறிக்குழியில் கால் தொங்கவிட்டு, எங்களோடு கதை பேசிக்கொண்டே போர்வை நெய்வார். "எந்த மிதியை முதலில் மிதிப்பீங்க?" என்று ஒருநாள் கேட்டேன். யோசித்தார், கால் நின்றுவிட்டது, நாடா பாதியில் நின்றது. "நீ பேசாம இரு கண்ணு" என்று சொல்லிவிட்டு மறுபடி ஆரம்பித்தார். கால் பாட்டுக்கு ஓடியது.

வயது வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும் என்பது உண்மை. கற்றுக்கொள்ளும் திறனை அது எடுத்துவிடுவதில்லை. ஆனால் 43 என்றதும் எனக்கு முதலில் தோன்றியது வெள்ளெழுத்து. ஊசிக்குப் பக்கத்தில் துணி ஓரம் மங்கலாகத் தெரிந்தால் கை என்ன செய்யும்? கண்ணைச் சோதித்துக்கொள்ளுங்கள். விரல் மரத்துப் போனாலோ, ஒரு கை மட்டும் நடுங்கினாலோ டாக்டரைப் பாருங்கள். அடிக்கும்போது விரலைப் பார்க்காமல், ஊசிக்குச் சற்று முன்னால் வரும் துணி ஓரத்தைப் பாருங்கள். ராத்திரி தூக்கத்தைக் குறைக்காதீர்கள், பகலில் பழகியதை மூளை அப்போதும் படிய வைத்துக்கொண்டிருக்கிறது.

மறுநாள் கோணலாகப் போவதற்கு வருகிறேன். ஓய்வுக்குப் பிறகு முதல் சில பீஸ் கெடுவது பழகினவர்களுக்கும் உண்டு. சாயங்காலம் அடித்த கடைசி பீஸை வைத்து உங்களை எடை போடாதீர்கள். ஷிப்டுக்கு முன்னால் மெஷின் காலியாக இருந்தால் காலையில், இல்லாவிட்டால் பழக உட்கார்ந்த உடனே, யாரும் பக்கத்தில் இல்லாமல் பத்து பீஸ் அடியுங்கள். எத்தனையாவது பீஸில் நேராக வந்தது என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். இன்று எட்டாவதில் வரலாம். ஒரு நாள் பின்னாலும் போகும், அதையும் எழுதுங்கள். ஒரு மாதம் கழித்து அந்த நோட்டைச் சூப்பர்வைசரிடம் காட்டி, டெய்லர் வேலைக்குக் கேளுங்கள்.