எழுத்தாளர் கட்சிக்காரரானால் எழுத்து கெட்டுப்போகுமா?

“போராட்டம், ஜெயில் என்று போகிற எழுத்தாளர் கடைசியில் பிரசாரம்தானே எழுதுவார்?” என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குக் காரைக்குடிப் பக்கம். எங்கள் வட்டாரத்து ஆட்களை வைத்தே சொல்கிறேன்.

சிறுகூடல்பட்டிக் கண்ணதாசன். 1953-இல் டால்மியாபுரம் ரயில் நிலையத்துக்குக் கல்லக்குடி என்றே பெயர் வேண்டும் என்று தி.மு.க. போராடியபோது கைதாகிச் சிறைக்குப் போனார். சிமெண்ட் ஆலை முதலாளியின் பெயர் ஊர்ப்பெயரை விழுங்கிவிட்டதே என்ற கோபம். உள்ளே உட்கார்ந்து அவர் எழுதியது என்ன தெரியுமா? ‘மாங்கனி’. சேரன் செங்குட்டுவன் காலத்தில் நடக்கிற காதல் காவியம், நாயகி ஓர் ஆடல்மகள். தண்டவாளமும் இல்லை, ஆலையும் இல்லை. தமிழ் மேல் இருந்த பித்துதான் அவரை மறியலுக்கும் அனுப்பியது, காவியத்துக்கும் உட்கார வைத்தது என்று நான் நினைக்கிறேன். கட்சி சொல்லி எழுதியிருந்தால் மாங்கனி வந்திருக்க மாட்டாள். 1961-இல் அந்தக் கட்சியைவிட்டே வெளியே வந்துவிட்டார். அதன்பிறகு பழைய தோழர்களைத் திட்டி எழுதியவற்றில் சுவை இருக்கிறது. கணக்குத் தீர்க்கிற வாடையும் கொஞ்சம் அடிக்கிறது.

இன்னொரு பக்கம் சா. கணேசன். காங்கிரஸ்காரர், சுதந்திரப் போராட்டத்தில் சிறை பார்த்தவர், பிற்பாடு 1962-இல் சுதந்திராக் கட்சியில் நின்று எங்கள் தொகுதி எம்.எல்.ஏ. ஆனார். ஊர் அவரை நினைப்பது கம்பன் அடிப்பொடியாகத்தான். அவர் ஆரம்பித்த கம்பன் விழா பங்குனியில் காரைக்குடியில் நடந்து, அத்த நட்சத்திரத்தன்று நாட்டரசன்கோட்டையில் கம்பன் சமாதியில் முடியும்.

எங்கள் ஐயா கறுப்புச்சட்டைக்காரர். 1943-இல் அண்ணா கம்பராமாயணத்தைக் கொளுத்தச் சொல்லி மேடையில் வாதாடிய பேச்சைப் புத்தகமாக வைத்திருந்தார். ஆனால் பங்குனி வந்தால் விழாப் பந்தலில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பார். கேட்டால், “கருத்து ஆகாதுடா. ஆனா தமிழை என்ன செய்யச் சொல்றே?” என்பார். சிராவயலில் ஆசிரமம் நடத்தி, 1927-இல் காந்தியே தேடிவந்து பார்த்த ஜீவா, கம்யூனிஸ்ட் ஆன பிறகும் கம்பனை மேடை மேடையாகப் பேசினாரே என்று அவரையும் துணைக்கு இழுத்துக்கொள்வார்.

ஆகவே ஜெயிலுக்குப் போவதால் எழுத்து கெடுவதில்லை. எதனால் கெடும் என்பது எனக்கு அனுபவம். கல்லூரியில் படிக்கும்போது ஒரு கட்சிக் கூட்டத்துக்கு, விவசாயிகளின் தண்ணீர்ப் பிரச்சினையை வைத்து ஒரு கவிதை எழுதிக்கொண்டு போனேன். உள்ளூர் நிர்வாகி ஒருவர் வாசித்துவிட்டு, “கண்மாய் எல்லாம் எதுக்குத் தம்பி, நாலு வரிக்கு ஒருதரம் தலைவர் பேரு வரட்டும்” என்றார். கண்மாயை எடுத்துவிட்டுத் தலைவரைப் போட்டேன். நல்ல கைதட்டல், ஒரு துண்டு கூடப் போர்த்தினார்கள். போன வருஷம் அந்தத் தாள் கையில் கிடைத்தது. பெயரை மட்டும் மாற்றினால் எதிர்க்கட்சி மேடையிலும் வாசிக்கலாம், ஓர் அசைகூடத் தட்டாது.