கடைக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது? சிறு தொழில்காரர்களின் டிரைவ் சந்தேகங்கள்

ஃபைல்களை இணையத்தில் சேமித்து வைக்கும் கூகுள் டிரைவ் பற்றித் திருநெல்வேலி வட்டாரத்தில் சிறு தொழில் நடத்துகிறவர்கள் கேட்ட கேள்விகளுக்கு என் பதில்கள். பல வருடமாகக் கடைகளுக்குக் கம்ப்யூட்டர் வேலை செய்து கொடுத்துப் பார்த்தவற்றை வைத்துச் சொல்கிறேன்.

கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போடுகிறோம் அண்ணாச்சி. ஆர்டர், பார்ட்டி பாக்கி எல்லாம் நோட்டில்தான். நன்றாகத்தானே ஓடுகிறது, எதற்கு மாற வேண்டும்?

நோட்டை விடவே வேண்டாம். ஆனால் 2023 டிசம்பர் 17, 18-ல் பெய்த மழையை நினைத்துப் பாருங்கள். தாமிரபரணி பெருகி திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் கடைகளுக்குள் தண்ணீர் ஏறியது. நனைந்த சரக்கைத் திரும்ப வாங்கிவிடலாம். யார் எவ்வளவு தர வேண்டும் என்று எழுதிய நோட்டு ஊறிப்போனால் அதை எங்கே போய் வாங்குவது? சாயங்காலம் கடையை அடைக்குமுன் அன்றைய பக்கத்தை டிரைவ் ஆப்பில் ஸ்கேன் செய்து போட்டுவிடுங்கள். பிடிஎஃப் ஆகவே சேமித்துக்கொள்ளும். பாக்கிக் கணக்கை கூகுள் ஷீட்டுக்கு (கட்டம் போட்ட கணக்குத் தாள்) மாற்றுவதை அப்புறம் பார்க்கலாம்.

பேட்டையில் சின்ன பிரிண்டிங் பிரஸ். டிசைன் பார்த்த தம்பி வேலையை விட்டுப் போய்விட்டான். கல்யாணப் பத்திரிகை, பில் புக் டிசைன் எல்லாம் அவன் ஜிமெயிலில் இருக்கிறது. ஷேர் செய்திருக்கிறான், திறக்க முடிகிறது. போதுமா?

போதாது அண்ணாச்சி. இன்றைக்கே வேலையை ஆரம்பியுங்கள். ஷேர் என்பது பார்க்கவும் திருத்தவும் கிடைத்த அனுமதி மட்டும்தான். ஃபைலுக்குச் சொந்தக்காரர் அதை உருவாக்கிய கணக்குதான். இடம் போதவில்லை என்று அவன் அழித்தாலோ, அந்தக் கணக்கையே மூடினாலோ உங்கள் பக்கமும் காணாமல் போய்விடும். அவன் மனதில் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமலே இது நடக்கும்.

முதலில் ஃபோல்டர் முழுவதையும் டவுன்லோடு செய்யுங்கள். கடை பெயரில் ஒரு ஜிமெயில் தொடங்கி அதில் ஏற்றுங்கள். அந்தக் கணக்கின் மீட்பு எண்ணாக (பாஸ்வேர்டு மறந்தால் கணக்கைத் திரும்பப் பெற உதவும் எண்) கடை போன் நம்பர் இருக்கட்டும், வேலையாள் நம்பர் வேண்டாம். அவனுக்கும் ஒரு போன் போட்டு, நல்ல விதமாகப் பேசி, மிச்சம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இனி டிசைன் எல்லாம் கடைக் கணக்கில்தான் சேர வேண்டும். நாலைந்து பேர் வேலை பார்க்கிற இடம் என்றால் மாதக் கட்டணம் கட்டும் கூகுள் வொர்க்ஸ்பேஸை யோசிக்கலாம். அதிலுள்ள ஷேர்டு டிரைவில் போடும் ஃபைல் நிறுவனத்துக்கே சொந்தம். ஆள் மாறினாலும் ஃபைல் இருந்த இடத்திலேயே இருக்கும்.

அம்பாசமுத்திரத்தில் ரைஸ் மில். டேலி (கணக்கு எழுதும் சாஃப்ட்வேர்) டேட்டா ஃபோல்டரை அப்படியே டிரைவுக்குள் வைத்து, மில்லிலும் வீட்டிலும் திறக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். டேலி திறந்திருக்கும்போது பல ஃபைல்களில் மாற்றி மாற்றி எழுதிக்கொண்டே இருக்கும். டிரைவ் அதைப் பாதியில் பிடித்து மேலே ஏற்றும். இரண்டு இடத்தில் திறந்தால் யாருடைய பதிவு நிற்கும் என்றே சொல்ல முடியாது, டேட்டாவே கெட்டுப்போகலாம். வேலை முடிந்ததும் டேலிக்குள்ளேயே பேக்கப் எடுத்து, தேதி போட்ட ஃபோல்டரில் அந்தப் பேக்கப்பை மட்டும் டிரைவில் ஏற்றுங்கள்.

கூடவே இன்னொன்று. கம்ப்யூட்டரோடு ஒத்திசைகிற ஃபோல்டரில் ஒரு ஃபைலை அழித்தால் டிரைவிலும் அழியும். கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடக்கும், அதற்குப் பிறகு தானாகப் போய்விடும். மார்ச் மாதம் அழிந்ததை ஜூலையில் ஆடிட்டர் கேட்கும்போது தேடிப் பயனில்லை. அதனால் வாரம் ஒருமுறை ஹார்டு டிஸ்கிலும் ஒரு காப்பி எடுங்கள். எடுத்ததும் கழற்றி, மில்லில் வைக்காமல் வீட்டில் வையுங்கள்.

டவுனில் அல்வாக் கடை, பாளையங்கோட்டையில் கிளை. விலைப்பட்டியல் வாட்ஸ்அப்பில் நாலு விதமாகச் சுற்றுகிறது.

ஒரே கூகுள் ஷீட், இரண்டு கடைக்கும் அதே லிங்க். விலையை மாற்றுகிறவர் ஒருவர் மட்டும் எடிட்டர் (திருத்தலாம்), மற்றவர்கள் வியூவர் (பார்க்க மட்டும் முடியும்). லிங்க் கிடைத்த எவரும் திறக்கலாம் என்று விடாமல், ஒவ்வொருவர் மெயிலையும் போட்டு அனுமதி கொடுங்கள். தப்பாக யாராவது மாற்றிவிட்டாலும் பதிப்பு வரலாற்றில் யார், எப்போது மாற்றினார் என்று தெரியும், பழையபடி திருப்பவும் செய்யலாம்.

இடம் நிறைந்துவிட்டது, மெயிலே வரமாட்டேன் என்கிறது.

இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி ஜிமெயில், போட்டோஸ், டிரைவ் மூன்றுக்கும் சேர்த்துத்தான். பெரும்பாலும் வீடியோதான் அடைத்திருக்கும், அதை முதலில் நீக்குங்கள். ஒன்டிரைவில் இலவசம் 5 ஜிபி, டிராப்பாக்ஸில் 2 ஜிபி, அங்கே போயும் தீராது. இடத்துக்காகப் பல ஜிமெயில் திறக்கிறார்கள், அது ஆபத்து. 2 வருடம் தொடாத கணக்கை கூகுள் அழித்துவிடலாம். தொழில் கணக்கு என்றால் காசு கட்டி இடம் வாங்குவதே சரி.

ஜிஎஸ்டி பில்லை எத்தனை வருடம் வைத்திருக்க வேண்டும்?

அந்த வருடத்தின் ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம். மாதத்துக்கு ஒரு ஃபோல்டர் போட்டு ஆடிட்டருக்கு வியூவர் கொடுத்துவிட்டால், வருடக் கடைசியில் ஓட வேண்டியதில்லை.

பத்தமடையில் பாய் வியாபாரம். எல்லாம் எங்க வீட்டுக்காரர் போனில்தான் அண்ணாச்சி. அவர் வெளியூர் போனால் ஓடிபி கூட எனக்கு வராது.

நீங்கள் கேட்டது ரொம்ப முக்கியம் தங்கச்சி. போன் தொலைந்தாலும் உடைந்தாலும் இதே நிலைமைதான். அவர் வீட்டில் இருக்கும்போதே இருவரும் சேர்ந்து உட்காருங்கள். இரண்டு கட்டச் சரிபார்ப்பு (பாஸ்வேர்டுக்குப் பிறகு ஓடிபி போல இன்னொன்றும் கேட்பது) போட்டிருந்தால், கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் பேக்கப் கோடுகள் கிடைக்கும். மொத்தம் 10, ஒவ்வொன்றும் ஒரு தடவைதான் செல்லும். பாஸ்வேர்டும் இதில் ஒரு கோடும் இருந்தால் ஓடிபி வராமலே உள்ளே போகலாம். பிரிண்ட் எடுத்து பீரோவில் வையுங்கள், போனில் படமாக வைக்காதீர்கள். கடை ஃபோல்டரில் உங்கள் மெயிலையும் எடிட்டராகச் சேர்க்கச் சொல்லுங்கள். அப்புறம் அவர் இல்லாத ஒரு நாளில், உங்கள் போனிலேயே ஒரு பில்லைத் திறந்து பார்த்துவிடுங்கள்.