ஈறு நோய்: வெள்ளை அணுக்கள் காப்பதும் கெடுப்பதும்

பல் தேய்த்தால் ஈறில் ரத்தம் வருகிறது. எதிர்ப்பு சக்தி குறைந்துவிட்டது என்கிறார்கள். சத்து மாத்திரை சாப்பிட்டால் நிற்குமா? (ஈரோடு வாசகி)

நிற்காது. பெரும்பாலானவர்களுக்கு எதிர்ப்பு சக்தி ஈறில் ஓயாமல் வேலை செய்வதால்தான் ரத்தமே வருகிறது.

பல்லும் ஈறும் சேரும் இடுக்கில் கிருமிகள் படலமாகப் படிகின்றன. உடனே அங்கே ரத்தக் குழாய்கள் விரியும். நியூட்ரோஃபில் எனும் வெள்ளை அணுக்கள் குழாயை விட்டு வெளியேறி, ஈறுக்குள் ஊர்ந்து அந்த இடுக்குக்கு வந்து கிருமிகளை விழுங்கும். நிமிடத்துக்குச் சுமார் 30,000 நியூட்ரோஃபில்கள் இப்படி வாய்க்குள் வந்து சேர்வதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். அழுக்கு அங்கேயே தங்கிவிட்டால் இந்த வரத்தும் நிற்காது. ஈறு சிவந்து வீங்கும், உள்பக்கத் தோல் மெலியும், பிரஷ் பட்டாலே ரத்தம் கசியும்.

1965-இல் ஹரால்ட் லோ என்ற ஆய்வாளர் டென்மார்க்கில் இதைச் செய்தே பார்த்தார். ஈறு நன்றாக இருந்த சிலரைப் பல் தேய்க்காமல் இருக்கச் சொன்னார். 10 முதல் 21 நாளுக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி தேய்க்கத் தொடங்கியதும் ஒரு வாரம் போல ஆனது, சரியாகிவிட்டது. ஆகவே ரத்தம் வருகிற இடத்தைத் தொடாமல் விடாதீர்கள், அங்கேதான் மெதுவாக, நன்றாகத் தேய்க்க வேண்டும். தேய்க்காமலே ரத்தம் வடிந்தாலோ, உடம்பில் காரணமில்லாமல் நீலத் திட்டுகள் தெரிந்தாலோ பல் மருத்துவரோடு நிற்காமல் ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள்.

எக்ஸ்ரேயில் எலும்பு கரைந்திருக்கிறது என்றார் டாக்டர். கிருமி எலும்பைத் தின்றுவிட்டதா? (புதுச்சேரி வாசகர்)

தொடங்கிவைத்தது கிருமி. கரைத்தது உங்கள் சொந்த செல்கள்.

வீக்கம் மாதக்கணக்கில் ஆறாமல் கிடந்தால் நியூட்ரோஃபில்களுக்குப் பின்னால் வேறு வகை வெள்ளை அணுக்களான டி செல்களும் பி செல்களும் ஈறில் வந்து குவியும். இவை வெளியிடும் ரேங்க்-எல் என்ற புரதம், எலும்பைக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களை முடுக்கிவிடும். இன்னொரு பக்கம், நியூட்ரோஃபில்கள் கிருமியை அழிக்கக் கொட்டும் நொதிகள் பல்லை எலும்போடு கட்டியிருக்கும் நார்களையும் அரிக்கும். வீட்டில் புகுந்த பாம்பை அடிக்கிறேன் என்று தூணையே வெட்டுகிற மாதிரிதான்.

அதற்காக இந்த அணுக்களை அடக்கிவிடலாம் என்று நினைத்தால் அதுவும் ஆபத்து. பிறவியிலேயே நியூட்ரோஃபில் கோளாறு உள்ள குழந்தைகள் சிலருக்குப் பால் பற்களே ஆடி விழுந்துவிடும். அணுக்கள் வேண்டும், அவற்றை விடாமல் கிளறிக்கொண்டிருக்கும் கிருமிப் படலமும், அது பல்லில் கல்லாக இறுகிய காரையும்தான் போக வேண்டும்.

என் அண்ணன் ஏனோதானோவென்றுதான் பல் தேய்ப்பார், அவருக்கு ஒன்றுமில்லை. இரண்டு வேளை தேய்க்கும் எனக்குப் பல் ஆடுகிறது. என்ன நியாயம்? (திருச்சி வாசகர்)

நியாயம் இல்லைதான். ஆனால் இதற்கு ஒரு நல்ல சான்று இருக்கிறது, அதுவும் தமிழர்களிடமிருந்தே. அதே லோவும் அவருடைய குழுவினரும் 1970-இல் இலங்கையின் இரண்டு தேயிலைத் தோட்டங்களில் 480 தமிழ்த் தொழிலாளர்களின் வாயைப் பரிசோதித்தார்கள். எல்லோரும் ஆண்கள், 14 முதல் 31 வயது. பல் மருத்துவமோ பிரஷ்ஷோ அவர்களுக்குக் கிடைத்ததே இல்லை. பல்லில் அழுக்கும் காரையும் ஏராளம், ஈறு வீக்கம் ஏறக்குறைய எல்லோருக்கும். 15 வருடம் தொடர்ந்து பார்த்ததில் சுமார் 8 சதவீதம் பேருக்கு நோய் வேகமாகப் பரவி இளவயதிலேயே பற்கள் போயின. 81 சதவீதம் பேருக்கு நிதானமாக ஏறியது. மீதி 11 சதவீதம் பேருக்கு ஈறு வீக்கத்தைத் தாண்டி ஒன்றுமே ஆகவில்லை!

எல்லோர் வாயிலும் அதே அழுக்கு இருந்தும் முடிவு வேறுவேறாகப் போனதற்கு, அவரவர் உடம்பு கிருமிக்குக் காட்டும் எதிர்வினை ஒரு பெரிய காரணம். உங்கள் அண்ணன் அந்த 11 சதவீதத்தில் இருக்கலாம், நீங்கள் இல்லை. அப்புறம், இரண்டு வேளை தேய்ப்பது சரி, பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே சுத்தம் செய்கிறீர்களா? பிரஷ் அங்கே போகாது.

இருபது வருடமாகப் புகைக்கிறேன், ஒரு சொட்டு ரத்தம் வந்ததில்லை. ஈறு நன்றாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்? (சேலம் வாசகர்)

இல்லை. புகை ரத்தம் கசிவதைக் குறைத்துவிடும், நியூட்ரோஃபில்களின் வேலையையும் கெடுக்கும். உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருந்தாலும் வெளியே ஈறு வெளிறி, கெட்டியாக, நல்லபடியாகவே தெரியும். இந்த வாரமே போய்ப் பாருங்கள். ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே மெல்லிய அளவுகோலை விட்டு ஆழம் பார்ப்பார்கள். 3 மில்லிமீட்டர் வரை கவலையில்லை.

சர்க்கரை நோய் இருக்கிறது. பல் சுத்தம் செய்தால் சர்க்கரை குறையும் என்று படித்தேன். உண்மையா? (நாகர்கோவில் வாசகி)

கொஞ்சம் உண்மை. ஈறு நோய்க்கு முறையாக வைத்தியம் செய்துகொண்ட சர்க்கரை நோயாளிகளுக்கு, மூன்று நான்கு மாதத்தில் மூன்று மாத சராசரிச் சர்க்கரை அளவு (HbA1c) சுமார் 0.4 சதவீதப் புள்ளி குறைவதாகப் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் தெரிகிறது. ஈறு வீக்கத்தால் ரத்தத்தில் கலக்கும் பொருள்கள் இன்சுலின் வேலை செய்வதைத் தடுக்கும் என்பது ஒரு விளக்கம். சர்க்கரை ஏறினால் வெள்ளை அணுக்கள் கிருமியைப் பிடிப்பதில் மந்தமாகி, வீக்கத்தைக் கிளப்புவதில் மட்டும் வேகமாகும் என்பதும் உண்டு. மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், அம்மா.

வெள்ளை அணுக்களையே கட்டுப்படுத்த மருந்து இல்லையா? ஆன்டிபயாடிக் போதாதா? (சென்னை வாசகர்)

காரை பல்லில் ஒட்டியிருக்கும்வரை ஆன்டிபயாடிக் மட்டும் பயன் தராது. படலத்துக்குள் மருந்து நன்றாக ஊடுருவாது, கோர்ஸ் முடிந்ததும் கிருமிகள் திரும்ப வரும். மருந்துக் கடையில் நீங்களாகக் கேட்டு வாங்கிப் போடவே கூடாது.

டாக்சிசைக்ளினை 20 மில்லிகிராம் என்ற சிறிய அளவில் தருவது வேறு விஷயம். அந்த அளவு கிருமியைக் கொல்லாது, நார்களை அரிக்கும் நொதிகளை மட்டும் தடுக்கும். ஈறுக்கடியில் உள்ள காரையை எடுக்கும் ஆழச் சுத்தத்தோடு சேர்த்துத்தான் தருவார்கள். பலன் கூடுதலாகக் கொஞ்சம்தான்.

புதிதாக வருவதில் எனக்கு ஆர்வம் தருவது வேறொன்று. நியூட்ரோஃபில்கள் ரத்தக் குழாயை விட்டு வெளியேறவே முடியாத பிறவிக் கோளாறு ஒன்று உண்டு. அந்த நோயாளிகளின் ஈறு அழிவதற்குக் கிருமியைவிட ஐஎல்-17 என்ற வீக்கச் சமிக்ஞை கட்டுக்கடங்காமல் ஓடுவதே காரணம் என்று தெரியவந்தது. அந்தப் பாதையை மறிக்கும், சோரியாசிஸ் என்ற தோல் நோய்க்குத் தரும் உஸ்டெகினுமாப் ஊசியை அப்படி ஒருவருக்குப் போட்டதில் ஈறு வீக்கம் அடங்கியதாக 2017-இல் செய்தி வந்தது. ஒரே ஒரு நோயாளி, அபூர்வமான கோளாறு. சாதாரண ஈறு நோய்க்கு இதைக் கேட்டுப் போகாதீர்கள்.

ஸ்கேலிங் (காரை எடுப்பது) செய்தால் பல் இடைவெளி விட்டு ஆட ஆரம்பிக்கும் என்கிறாரே என் மாமியார்? (மதுரை வாசகி)

இடைவெளியைக் காரை அடைத்திருந்தது, எடுத்ததும் தெரிகிறது. ஆட்டம் எலும்பு போனதால் வந்தது, முன்பு காரை பற்களை ஒன்றோடொன்று பிடித்துவைத்திருந்தது. வீக்கம் வற்றும்போது ஈறு கொஞ்சம் சுருங்கிப் பின்வாங்கும், சில வாரம் பல் கூசும். மூன்று மாதம் கழித்து மறுபடி ஆழம் அளக்கச் சொல்லுங்கள். மாமியாரையும் கூடவே கூட்டிப் போங்கள், அவருக்கும் பார்த்துவிடலாம்.