உடன்படிக்கை பத்தி கேளுங்க: ஆபிராம்ல இருந்து எரேமியா வரைக்கும்

கேள்வி: அக்கா, ஆதியாகமம் 15-ல ஆபிராம் (பின்னாடி ஆபிரகாம்னு பேர் மாறினவர்) மிருகங்கள ரெண்டா வெட்டி எதிரெதிரா வைக்கிறாரே, அது பலியா? நடுவுல தூங்கியும் போயிடுறாரு, ஒண்ணுமே புரியல.

பதில்: அங்க பலிபீடமே கிடையாது தம்பி. எபிரேயத்துல உடன்படிக்கைய "வெட்டுறது"ன்னுதான் சொல்லுவாங்க, நம்ம பைபிள்ல "உடன்படிக்கைபண்ணி"ன்னு வர்றதால அந்த ரத்த வாடை நமக்குத் தெரியாம போயிடுது. வெட்டின துண்டுகளுக்கு நடுவுல நடக்கிறவன், சொன்ன சொல் தவறினா எனக்கும் இதே கதிதான்னு தன் மேலயே ஆணை வச்சுக்கிறான். எரேமியா 34 படிங்க, எருசலேம முற்றுகை போட்டிருந்தப்ப அடிமைகள விட்டுடுறோம்னு கன்னுக்குட்டிய வெட்டி நடுவுல நடந்துட்டு, அப்புறம் அதே ஆளுங்கள திரும்பப் புடிச்சு அடிமையாக்கிட்டாங்க, அந்தக் கன்னுக்குட்டி கதிதான் உங்களுக்கும்னு கர்த்தரோட வார்த்தை வருது.

இப்ப ஆபிராமுக்கு வாங்க. மூணு வயசு கிடாரி, வெள்ளாடு, ஆட்டுக்கடா, காட்டுப்புறா, புறாக்குஞ்சு, எல்லாம் அவர் கொண்டுவந்ததுதான். உடல்கள் மேல வந்து இறங்கின பறவைங்கள பொழுது சாயுற வரைக்கும் விரட்டிக்கிட்டு நிக்கிறாரு, அப்புறம் அசந்து தூங்கிடுறாரு. இருட்டினப்புறம் புகையுற சூளையும் அக்கினி ஜுவாலையும் மட்டும் நடுவுல கடந்து போகுது, ஆபிராம் ஒரு அடி கூட அதுக்குள்ள வைக்கல. ஆணைய முழுசா கர்த்தர் தன் தலையிலயே போட்டுக்கிட்டாரு. எத்தனை தடவை படிச்சாலும் இந்த இடத்துல நான் நின்னுடுவேன்.

கேள்வி: அப்போ மனுஷன் பக்கம் கண்டிஷனே இல்லையா சிஸ்டர்?

பதில்: இருக்கு பிரதர். சீனாய் மலையில கட்டளைகள் குடுத்தப்ப இஸ்ரவேல் ஜனங்க செய்வோம்னு வாயால ஒத்துக்கிட்டாங்க, மீறினா தேசத்த விட்டே துரத்தப்படுவீங்கன்னு உபாகமம் 28-ல நீளமா இருக்கு. ஆனா லேவியராகமம் 26 கடைசிப் பகுதிய விட்டுடாதீங்க, சத்துரு தேசத்துல கிடக்கிறப்பவும் அவங்கள வெறுத்து உடன்படிக்கைய முறிச்சுட மாட்டேன்னு அதே வாய்தான் சொல்லுது.

கேள்வி: கிருபைன்னா தகுதி இல்லாதவங்களுக்குக் காட்டுற இரக்கம்தானே?

பதில்: பழைய ஏற்பாட்டுல அதுக்குப் பின்னாடி பெரும்பாலும் இருக்கிறது ஹெசெத்-ங்கிற சொல். கை குடுத்தவன் கடைசி வரைக்கும் விடாம நிக்கிறது. நண்பன் யோனத்தானுக்குக் குடுத்த வாக்குக்காக, அவன் செத்தப்புறமும் கால் முடமான மகன் மேவிபோசேத்த தாவீது தேடிக் கண்டுபிடிச்சு தன் பந்தியில உக்கார வைக்கிறாரே, அங்கயும் இதே சொல்தான். சங்கீதம் 136-ல "அவர் கிருபை என்றுமுள்ளது"ன்னு 26 வசனத்துலயும் வருது.

கேள்வி: தாவீதோட சிங்காசனம் என்றைக்கும் நிலைக்கும்னு தீர்க்கதரிசி நாத்தான் மூலமா கர்த்தர் சொன்னாரே, கி.மு. 586 வாக்குல எருசலேமே எரிஞ்சு போச்சு. அப்போ வாக்கு பொய்யா?

பதில்: இந்தக் கேள்விய பைபிளே கேட்டுடுச்சு ஐயா, உங்கள விட கோவமா. சங்கீதம் 89 முதல் பாதி முழுக்க கர்த்தர் சொல் தவறாதவர்னு பாடிட்டு, 38-ஆம் வசனத்துல திரும்பி, நீரே உடன்படிக்கைய தள்ளிட்டீர், கிரீடத்த தரையில போட்டீர்னு நேருக்கு நேரா கேக்குது. அதை யாரும் அழிச்சுடல, வழிபாட்டுப் பாட்டாவே வச்சிருக்காங்க. 2 இராஜாக்கள் முடியிறப்ப, தாவீது வம்சத்து ராஜா யோயாக்கீன், சிறைப்பட்டுப் போன 37-ஆம் வருஷம் சிறையில இருந்து வெளிய வந்து பாபிலோன் ராஜா பந்தியில சாப்பிடுறாரு. பாபிலோன்ல தோண்டி எடுத்த களிமண் பலகைகள்ல அவருக்கும் அவரோட 5 பிள்ளைகளுக்கும் எண்ணெய் அளந்து குடுத்த கணக்கு இருக்கு. அந்த வம்சம் அத்துப் போகலன்னு சொல்ல எனக்கு அந்த எண்ணெய்க் கணக்கு பெரிய விஷயம்.

கேள்வி: அக்கா, வாக்குத்தத்தம் பிடிச்சு ஜெபிச்சு வருஷக்கணக்காச்சு. ஒண்ணும் நடக்கல.

பதில்: சீக்கிரம் நடக்கும்னு நான் சொல்ல மாட்டேம்மா, 75 வயசுல கிளம்பின ஆபிரகாமுக்கு ஈசாக்கு பிறந்தது 100-ல. எரேமியா 32 மட்டும் நிதானமா வாசிங்க. வெளிய பாபிலோன் படை, தீர்க்கதரிசி எரேமியா காவல்ல, அப்ப பார்த்து அவங்க அப்பாவோட சகோதரன் மகன் வந்து, சொந்த ஊர் ஆனதோத்துல இருக்கிற நிலத்த வாங்கிக்கோன்னு கேக்கிறான். 17 சேக்கல் (அந்தக் கால எடை அளவு) வெள்ளிய தராசுல நிறுத்துக் குடுத்து, சாட்சி வச்சு கிரயப்பத்திரம் எழுதி முத்திரை போட்டு, ரொம்ப நாள் இருக்கணும்னு மண்பாண்டத்துல வைக்கச் சொல்லி தன் எழுத்தர் பாருக்குகிட்ட குடுக்கிறாரு. குடுத்து முடிச்சதும் அவருக்கே மனசு தாங்கல, நகரம் விழப்போகுது, என்னை நிலம் வாங்கச் சொன்னீரேன்னு ஜெபிக்கிறாரு. அப்புறம் அவரை எகிப்துக்கு இழுத்துட்டுப் போயிட்டாங்க, அந்த நிலத்துல அவர் உழுததா எங்கயும் இல்ல. ஆனா பாபிலோன்ல இருந்து திரும்பினவங்க பட்டியல் எஸ்றா 2-ல இருக்கு, 23-ஆம் வசனம் பாருங்க: ஆனதோத்தின் மனுஷர் 128 பேர்.