இருபது பேருக்குக் கீழே வேலை செய்யும் கடைகளில் பென்ஷன் திட்டம் விற்க முடியுமா?

கேள்வி: காவிரி டெல்டா போன்ற பகுதியில், சிறு முதலாளிகள் தம் ஆட்களுக்கு ஓய்வூதியத் திட்டம் எடுப்பதற்குக் காப்பீட்டு நிறுவனங்கள் உதவ முடியுமா? அதில் அவர்களுக்கு வியாபாரம் உண்டா?

உண்டு. ஆனால் அவர்கள் இன்று தட்டும் கதவுக்குப் பின்னால் அது இல்லை.

கும்பகோணத்தில் கடைகளுக்கும் சிறு ஆலைகளுக்கும் வரிக் கணக்கு பார்ப்பது என் தொழில். பாத்திரக்கடை, உரக்கடை, ஜவுளிக்கடை, அரிசி ஆலை என எதை எடுத்தாலும் பெரும்பாலும் பத்துப் பதினைந்து பேர்தான். வருங்கால வைப்பு நிதி 20 பேர் இருந்தால்தான் கட்டாயம் என்பதால், இருபதாவது ஆளை ஏட்டில் ஏற்ற முதலாளிகள் தயங்குகிறார்கள். வைப்பு நிதி இல்லையென்றால் அதோடு சேர்ந்து வரும் 1995ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டமும் இல்லை. வாலிபத்தில் கல்லாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றவர், அறுபது வயதில் ஒரு வேட்டி சட்டையும் கையில் ஒரு கவரும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். இத்தனை காலம் பார்த்தும் எனக்கு இது பழகவில்லை.

முகவர்கள் இந்தக் கடைகளுக்கு வராமல் இல்லை. முதலாளிக்கு ஒரு பாலிசி, அவர் மகளுக்கு ஒன்று என்று எழுதிக்கொண்டு போய்விடுகிறார்கள். குமாஸ்தாவிடம் யாரும் பேசுவதில்லை. ஒரு கடையின் ஆட்களை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து எடுக்கும் குழுத் திட்டத்தில் முகவருக்குக் கமிஷன் சொற்பம். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. இதை நிறுவனங்கள்தான் மாற்ற வேண்டும்.

என் அனுபவத்தில் முதலாளியின் காதில் ஏறும் சொல் பென்ஷன் அல்ல, பணிக்கொடை (கிராஜுவிட்டி), அதாவது ஆள் வேலையை விட்டுப் போகும்போது மொத்தமாகக் கொடுக்க வேண்டிய தொகை. 10 பேர் இருந்தாலே அது சட்டப்படி கடன். மாதம் 15,000 ரூபாய் வாங்குபவர் 20 ஆண்டு வேலை செய்து ஓய்வு பெற்றால், ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் என்ற கணக்கில், மாதத்தை 26 நாளாக வைத்து, சுமார் 1,73,000 ரூபாய் கொடுத்தாக வேண்டும். ஒரே ஆண்டில் நான்கு பேர் வெளியேறினால் ஏழு லட்சத்தை நெருங்கும். இந்தத் தொகையைத் தாளில் எழுதிக் காட்டும்போது முதலாளியின் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். வெறுமனே கணக்கில் ஒதுக்கி வைத்தால் வரிக் கழிவு கிடையாது. அங்கீகாரம் பெற்ற பணிக்கொடை நிதியில் கட்டினால் கிடைக்கும். எல்ஐசியும் தனியார் நிறுவனங்களும் இதற்கென்றே குழுத் திட்டம் வைத்திருக்கின்றன. பத்துப் பேர் கடைக்கு அதைக் கொண்டுவந்து காட்டத்தான் ஆள் இல்லை.

பணிக்கொடை நிதி ஒன்று தொடங்கிவிட்டால், அதன் பக்கத்தில் பென்ஷனுக்கும் ஒரு சிறு தொகை போடச் சொல்வது எளிது. அந்த 1,73,000 ரூபாயை மட்டும் பென்ஷனாக மாற்றினால் இன்றைய விகிதங்களில் மாதம் ஆயிரம் ரூபாய் அளவில்தான் வரும். ஆகவே கூடுதலாகச் சேர்ப்பது அவசியம். பணம் சேர்க்கும் காலத்தில் அரசின் தேசிய ஓய்வூதியத் திட்டத்தோடு (என்பிஎஸ்) கட்டணத்தில் போட்டி போட்டு ஜெயிக்க எந்தக் காப்பீட்டு நிறுவனத்தாலும் முடியாது. அதன் நிர்வாகக் கட்டணம் அவ்வளவு குறைவு. ஆயுள் முழுவதும் மாதாமாதம் பணம் தருவதாக வாக்குக் கொடுப்பது மட்டும் காப்பீட்டு நிறுவனத்தின் வேலை. நிறுவனங்கள் தங்கள் பலத்தை அங்கே காட்டட்டும்.

வயதையும் கவனியுங்கள். மத்திய அரசின் அடல் பென்ஷன் திட்டத்தில் 40 வயதுக்குப் பிறகு சேர முடியாது. 30 வயதுக்காரர் மாதம் 577 ரூபாய் கட்டினால் 60க்குப் பின் 5,000 ரூபாய் பென்ஷன் பெறலாம். 45 வயது எடைபோடுபவருக்கு அந்தக் கதவு மூடிவிட்டது. எங்கள் கடைகளில் நம்பிக்கையான ஆட்கள் பலரும் அந்த வயதுக்காரர்களே. (திருபுவனத்தில் கூலிக்குப் பட்டு நெய்பவர்களைப் பற்றி நான் இங்கே பேசவில்லை. சம்பள ஏடே இல்லாத அவர்களுக்கு வேறு வழி வேண்டும்.)

அடுத்தது தவணை. மாதாமாதம் கட்டு என்றால் டெல்டாவில் எடுபடாது. உரக்கடைக்காரர் நடவுக்குக் கடன் கொடுத்துவிட்டு, அறுவடை முடிந்துதான் வசூலிக்கிறார். சம்பா நெல் காசாகும் தை, மாசியில் ஒரு தவணை, தீபாவளி போனஸோடு ஒரு தவணை என்று வைத்தால் கட்டுவார். ஜூன் 12இல் மேட்டூர் திறக்காத ஆண்டில் குறுவை சுருங்கும். ஜவுளிக்கடை வரை அது தெரியும். அந்த ஆண்டு தவணையைத் தள்ளிவைக்க அபராதம் இல்லாத வசதி கட்டாயம் வேண்டும்.

தனித்தனிக் கடையாகப் பிடிக்கச் செலவு அதிகம் என்று நிறுவனங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அமெரிக்காவில் இதே சிக்கலுக்காக 2019இல் சட்டம் செய்து, தொடர்பில்லாத பல சிறு முதலாளிகள் ஒரே ஓய்வூதியத் திட்டத்தில் சேர 2021 முதல் வழி திறந்தார்கள். இங்கே வர்த்தகர் சங்கம் ஏற்கெனவே ஊருக்கு ஊர் இருக்கிறது. கும்பகோணத்தில் ஒரு கடையை விட்டு மன்னார்குடிக் கடைக்குப் போகும் ஆளின் கணக்கும் கூடவே போகும்படி சங்க அளவில் ஒரு திட்டம் அமைத்தால், ஆளைப் பிடித்துவைக்க முடியாதே என்று முதலாளி முதலில் முனகுவார். ஆனால் அவருக்கும் அடுத்த ஊரிலிருந்து ஆள் வரத்தானே செய்கிறார்.

நீங்கள் காப்பீட்டுத் துறையில் இருந்து இதைக் கேட்டிருந்தால், நேராக முதலாளியிடம் போகாதீர்கள். அவருடைய கணக்கரிடம் போங்கள். சம்பள ஏடு அவரிடம்தான் இருக்கிறது. யாருக்கு எந்த ஆண்டு அறுபது ஆகிறது என்பதும் அதிலேயே தெரியும்.