துரை லீவில் வந்தார்

கேள்வி: 1878-இல் விம்பிள்டன் பட்டம் வென்ற ஃபிராங்க் ஹேடோ இலங்கைத் தோட்டத் துரையாமே? மறு வருடம் பட்டத்தைக் காப்பாற்றிக்கொள்ளக்கூட வரவில்லையாம். காசுக்கு ஆடாத அந்த அமெச்சூர் மனசு இன்றைய கோடீஸ்வர வீரர்களுக்கு வருமா?

பதில்: வராது. அவர்களுக்குத் தோட்டம் இல்லையே!

ஹேடோ கெட்டிக்காரர்தான். ஹாரோ பள்ளியில் படித்தவர், மிடில்செக்ஸ் அணிக்குக் கிரிக்கெட் ஆடியவர். 23 வயதில் லீவில் ஊருக்குப் போன இடத்தில் போட்டியில் இறங்கினார். இறுதியில் எதிரே நின்றவர் முதல் வருடச் சாம்பியன் ஸ்பென்சர் கோர். வலையை ஒட்டி நின்று, பந்து தரையில் படும் முன்பே அடித்து நொறுக்குவார். அதற்கு வாலி என்று பெயர். ராமாயண வாலி அல்ல. ஆனால் எதிரே வந்தவனின் பாதி பலம் பறிபோனது என்னவோ உண்மை. ஹேடோ மறைந்து நின்று அம்பு விடவில்லை. பந்தை உயரத் தூக்கி, கோரின் தலைக்குப் பின்னால் போட்டார். அவ்வளவுதான்: 7-5, 6-1, 9-7. இன்று 'லாப்' என்கிறோமே, அதுதான்.

சரி, அந்த லீவு எங்கிருந்து வந்தது? அன்றைய இலங்கையில் காபிதான் ராஜா, தேயிலை அப்புறம்தான். துரைமார் கப்பலேறிப் போய் மாதக்கணக்கில் இருந்துவிட்டு வரும்போது காபிப்பழம் தானாகக் கூடையில் விழவில்லை. கங்காணிகளோடு கடல் தாண்டி, மன்னாரிலிருந்து காட்டு வழியே மலைநாட்டுக்கு நடந்துபோன நம் சனங்கள் பறித்தார்கள். வழியிலேயே காலராவில் விழுந்தவர்கள் எத்தனையோ பேர்.

காசுக்கு ஆடவில்லை என்கிறீர்கள். 1877-இல் முதல் பரிசே 12 கினி (கினி என்றால் ஒரு பவுண்டுக்குச் சற்று மேல்). போட்டியில் சேரக் கட்டணம் ஒரு கினி. அமெச்சூர் என்றால் யார் என்பதை ஹென்லி படகுப் போட்டிக்காரர்கள் 1879-இல் ஒளிவுமறைவில்லாமல் எழுதியே வைத்தார்கள்: கூலிக்கு வேலை செய்யும் கைத்தொழிலாளி அமெச்சூர் ஆக முடியாது. காசு வாங்காதவன் என்று நீங்கள் அர்த்தம் சொல்கிறீர்கள். கூலி வாங்குகிறவன் உள்ளே வராதே என்று அவர்கள் சொன்னார்கள். படகுக்காரர்களாவது வெளிப்படையாகச் சொன்னார்களே!

மறு வருடம் பட்டம் ஜான் ஹார்ட்லி என்ற பாதிரியாருக்குப் போனது. ஹேடோவுக்கும் ஒன்றும் குறைந்துபோகவில்லை. 1926-இல் விம்பிள்டன் பொன்விழாவில் பழைய சாம்பியன்களுக்குப் பதக்கம் கொடுத்தபோது, 71 வயதில் வந்து வாங்கிக்கொண்டார்.