தீவில் கோல்ஃப் ஆடப் போகிறீர்களா? முன்பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

கேள்வி: வணக்கம் சார். ராணிப்பேட்டையில் தோல் கம்பெனி வைத்திருக்கிறேன். நண்பர்கள் நான்கு பேர் ஞாயிறுதோறும் விடியற்காலையில் கிளம்பிச் சென்னைக்குப் போய் கோல்ஃப் ஆடுகிறோம். பிப்ரவரியில் மனைவிமாரோடு மொரீஷியஸ் போகலாம், ஐந்து ராத்திரி, நான்கு ரவுண்டு, "எல்லாம் அடக்கம்" என்று ஒரு ஏஜென்ட் பேக்கேஜ் தந்திருக்கிறார். பாதிப் பணத்தை இந்த வாரமே கேட்கிறார். கட்டலாமா?

பதில்: இந்த வாரம் கட்டாதீர்கள். முதலில் மாதமே சரியில்லை. மொரீஷியஸில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம், ஜனவரியும் பிப்ரவரியும் அதன் நடுப்பகுதி. 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தபோது தலைநகர் போர்ட் லூயிஸில் கார்களை வெள்ளம் அடித்துப் போனது, விமான நிலையத்தையே மூடினார்கள். எல்லா பிப்ரவரியும் அப்படி இருக்காதுதான். ஆனால் ஐந்து நாளில் இரண்டு நாள் மழையில் போனால் உங்கள் நான்கு ரவுண்டு என்ன ஆகும், அந்தப் பணம் திரும்புமா என்று ஏஜென்டிடம் கேட்டுப் பாருங்கள். பதில் எழுத்தில் வரவில்லை என்றால் திரும்பாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மொரீஷியஸ்தான் வேண்டும் என்றால் மே, ஜூன் அல்லது செப்டம்பர், அக்டோபருக்குத் தள்ளுங்கள். இல் ஓ செர்ஃப் என்ற குட்டித் தீவில் ஜெர்மன் கோல்ஃப் வீரர் பெர்ன்ஹார்ட் லாங்கர் வடிவமைத்த 18 குழி மைதானம் இருக்கிறது, படகில்தான் போக வேண்டும், போகிற வழியே அவ்வளவு அழகு. பந்து மட்டும் கூடுதலாக எடுத்துப் போங்கள், திரும்பிய பக்கமெல்லாம் தண்ணீர்.

பிப்ரவரியை மாற்றவே முடியாது என்றால் நான் இலங்கையைச் சொல்வேன். கொழும்புக்கும் மலைநாட்டுக்கும் அதுதான் நல்ல மாதம், சென்னையிலிருந்து விமானத்தில் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். 1879-ல் தொடங்கிய ராயல் கொழும்பு கோல்ஃப் கிளப் மைதானத்துக்குள்ளேயே ரயில் பாதை ஓடுகிறது, ரயில் வந்தால் நின்றுவிட்டு ஆட வேண்டியதுதான். கண்டிக்குப் பக்கத்தில் திகனவில் விக்டோரியா நீர்த்தேக்கத்தை ஒட்டி ஒரு மைதானம், நுவரெலியாவில் 1889-ல் வந்த பழைய மைதானம், தெற்கே அம்பாந்தோட்டையில் புதியது ஒன்று. மாலத்தீவை மட்டும் இதற்காக யோசிக்காதீர்கள், அது கடலுக்கான இடம், 18 குழி ஆடுகிறவர்களுக்கு அல்ல.

அப்புறம் அந்த "எல்லாம் அடக்கம்". கிரீன் ஃபீ (மைதானத்தில் ஆடுவதற்கான கட்டணம்) மட்டும் அடக்கம், மைதானத்துக்குள் ஓட்டும் கார்ட் வண்டி வாடகை தனி, மட்டைப் பை சுமக்கும் கேடியின் கூலி தனி, விடுதியிலிருந்து மைதானத்துக்கு வண்டி தனி என்று அங்கே போனபிறகு தெரிந்தால் ஒவ்வொரு ரவுண்டுக்கும் பர்ஸைத் திறக்க வேண்டிவரும். ஒவ்வொன்றையும் தனித்தனி வரியாக, தொகையோடு எழுதித் தரச் சொல்லுங்கள். அதைவிட முக்கியம் டீ டைம், அதாவது ஆட்டம் தொடங்க உங்களுக்கு ஒதுக்கிய நேரம். எந்த மைதானம், எந்தத் தேதி, எத்தனை மணி, எத்தனை பேர் என்று அந்த கிளப்பே அனுப்பிய உறுதிக் கடிதத்தைப் பார்த்தபிறகு பணம் கட்டுங்கள். உறுப்பினர்களின் போட்டி நாளில் பல கிளப்புகளில் வெளியாட்களுக்கு இடம் கிடைக்காது. சில இடங்களில் ஹேண்டிகேப் (உங்கள் ஆட்டத் திறனைக் காட்டும் எண்) சான்றிதழ் கேட்பார்கள், அதையும் இப்போதே விசாரியுங்கள்.

இன்னொன்று, நானே பட்டது. சில வருடம் முன்பு ஒரு தீவுக்கு ஆசை ஆசையாகப் போய் இறங்கினால், அந்த வாரம்தான் கிரீன் (குழியைச் சுற்றியுள்ள ஒட்ட வெட்டிய புல்தரை) முழுக்கத் துளை போட்டு மணல் நிரப்பி வைத்திருந்தார்கள். எல்லா மைதானத்திலும் செய்கிற பராமரிப்பு வேலைதான், புல்லின் வேருக்குக் காற்றும் தண்ணீரும் போக வேண்டுமே. ஆனால் குழியை நோக்கி மெல்லத் தட்டிய (பட் செய்த) பந்து ஒன்றுகூட நேராகப் போகவில்லை. முன்பதிவு செய்துகொடுத்தவர் வாயே திறக்கவில்லை, கட்டணத்திலும் ஒரு ரூபாய் குறையவில்லை. நீங்கள் போகிற வாரத்தில் அந்த வேலை இருக்கிறதா என்று கிளப்புக்கே நேரடியாக மெயில் போட்டுக் கேளுங்கள்.

வெளிநாட்டு பேக்கேஜுக்கு ஏஜென்ட் டி.சி.எஸ். (விற்பவர் விலையோடு சேர்த்து வசூலித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி) பிடிப்பார். விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறுகிறது. அது உங்கள் பான் எண்ணில் ஏறியதா என்று வருமான வரி இணையதளத்தில் உங்கள் வரிக் கணக்கில் பார்த்து, ரிட்டர்ன் போடும்போது கழித்துக்கொள்ளலாம், தொலைந்த பணம் இல்லை.

கேள்வி: கோல்ஃப் பையை விமானத்தில் எப்படிக் கொண்டுபோவது? வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாமா? (ஆம்பூர் வாசகர்)

பதில்: ஒரே ஒரு ரவுண்டு என்றால் வாடகை போதும். மூன்று நான்கு ரவுண்டு என்றால் பழகிய மட்டைதான் கைக்கு வரும். பை எப்படியும் பன்னிரண்டு, பதினைந்து கிலோ இருக்கும். சில விமானங்களில் அதைச் சாதாரண லக்கேஜ் கணக்கில் சேர்க்கிறார்கள், சிலவற்றில் விளையாட்டுச் சாமான் என்று தனிக் கட்டணம், ஆகவே டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். டிரைவர் என்கிற நீளமான மட்டையின் தலையைக் கழற்ற முடிந்தால் கழற்றித் துணியில் சுற்றி வையுங்கள், கவுன்டரில் கொடுக்கும் முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். உடைந்து வந்தால் விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்குள் புகார் எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். சேதத்துக்கு எழுத்துப் புகார் பை கையில் கிடைத்து 7 நாளுக்குள் போயாக வேண்டும்.

கையுறை குறைந்தது மூன்று வேண்டும். தீவின் ஈரக்காற்றில், வியர்வையில் தோல் ஊறி வழுக்கும். மாற்றி மாற்றிப் போட்டு நிழலில் காயவையுங்கள். வெயிலில் போட்டால் விறைத்துப் போகும் என்று ஆம்பூர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: பயணம் ரத்தாகி எட்டு மாதம் ஆகிறது. பெங்களூர் ஏஜென்ட் பணத்தைத் தராமல் இழுக்கிறார். அங்கே போய்த்தான் வழக்குப் போட வேண்டுமா? (காட்பாடி வாசகி)

பதில்: வேண்டாம் அம்மா. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே, அதாவது வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகாரைப் பதியுங்கள், கூடவே ஏஜென்டுக்கு 15 நாள் கெடு வைத்து ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்பி, அது போய்ச் சேர்ந்ததற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் பேச்சு, பணம் அனுப்பிய ரசீது, பேக்கேஜ் தாள் எதையும் அழிக்காதீர்கள். "வவுச்சர் தருகிறேன், அடுத்த வருடம் போங்கள்" என்று இறங்கி வந்தால் உடனே ஒப்புக்கொள்ளாதீர்கள், பணம்தான் வேண்டும் என்றால் அதையே எழுத்தில் கேளுங்கள்.